ஒன்றேகால் நிமிடம்

மின் மீட்டரில் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கிறது.
எல்லார் வீட்டிலும் இருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை.
மூவாயிரத்து இருநூறு முறை அது சிமிட்டினால்
ஒரு யூனிட்.

கோத்தகிரியில் கணக்கெடுக்க வந்து ஆறு வருஷம்.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
ஒவ்வொரு வாசலிலும் அரை நிமிடம் நிற்பேன்.
எண்ணைப் பார்த்து, வெள்ளை அட்டையில் எழுதி,
கையெழுத்துப் போட்டால் அடுத்த படிக்கட்டு.
இந்த ஊரில் அடுத்த வீடு என்பது
மேலே இருக்கும், இல்லையென்றால் கீழே இருக்கும்.
பக்கத்தில் இருந்ததே இல்லை.

போகப் போகப் பொட்டின் பாஷை பிடிபட்டது.
ரெஜினா வீட்டில் காலை எட்டு மணிக்கு
படபடவென்று அடித்துக்கொள்ளும்.
கெய்சர். தங்கை பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்.
மருதாயி வீட்டில் முக்கும், நிற்கும்,
யோசித்துவிட்டு மறுபடி முக்கும்.
மிக்ஸி. சட்னிக்குத் தண்ணீர் போதவில்லை.
பெள்ளி கவுடர் வீட்டில் ஓடி ஓடி ஓய்ந்தால்
இஸ்திரிப் பெட்டி.
கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவர்களுக்கு
அதே வெள்ளைதான்.
முகத்தைப் பார்க்காமல் விசாரிக்க மாட்டேன்.

நேற்று, மூன்றாவது வளைவுக்குக் கீழே
பூட்டிய வீடு.
பூட்டின் மேல் பாசி.
அருள்செல்வி குடும்பம் ஆடியிலேயே
திருப்பூருக்கு இறங்கிவிட்டது.
பொட்டு எரியவில்லை.
'மீட்டர் பழுது' என்று எழுதப் பேனாவை எடுத்தேன்.
ஆனால் போன தடவையைவிட
இருபத்திரண்டு யூனிட் கூடியிருந்தது.

ஆளில்லாத வீட்டில் யார் செலவழிப்பது?

நின்றேன்.
பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து
முதலில் தேயிலையை எடுத்துக்கொண்டது,
பிறகு தண்ணீர்த் தொட்டியை,
பிறகு என் செருப்பை.
தகரக் கூரையின் நுனியில் ஒரு சொட்டு
விழலாமா என்று தொங்கியது.
எங்கோ பேக்டரியில் இலை வறுபடும் வாசம்.
பாதையைக் கடந்த காட்டுமாடு ஒன்று
என்னைப் பார்த்தது,
'இவளுக்கு வேலை இல்லையா' என்பதுபோல்.
சொட்டு விழுந்தது. இன்னொன்று திரண்டது.
ஆறு வருஷத்தில் ஒரு வாசலில்
இவ்வளவு நேரம் நான் நின்றதில்லை.

சிமிட்டியது.

ஒரே ஒரு முறை. பிறகு இருட்டு.
எண்ணத் தொடங்கினேன்.
எழுபத்தைந்தில் மறுபடி.
அட்டையின் ஓரத்திலேயே கணக்குப் போட்டேன்.
பதினைந்து வாட். ஒரு ஜீரோ பல்பு.

"பீரோவுக்குள்ள எரியுதுங்க" என்றாள் மருதாயி,
மேல்படியில் துணியை எடுத்துக்கொண்டே.
"மழைக் காலத்துல பூசணம் பிடிச்சிரும்ல.
ஒரே ஒரு பட்டுச்சேலை வச்சிருக்கா,
மயில்கழுத்துக் கலரு.
அதுக்காகப் போட்டுட்டுப் போயிருக்கா."

பூட்டிய வீடு,
அதற்குள் பூட்டிய பீரோ,
அதற்குள் இரவும் பகலும் ஒரு வெளிச்சம்.
நீலத்தைப் பச்சையாகவும்
பச்சையை நீலமாகவும்
மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டு,
பார்க்க ஒரு கண்ணும் இல்லாமல்.
நானும்தான் பார்க்கவில்லை.
சுவருக்கு வெளியே
காதில் குல்லாவோடு நிற்கிறேன்,
அந்தப் பட்டின் சூடு
உள்ளங்கையில் தெரிகிறது.

நூறு யூனிட்டுக்குள். கட்டணம் இல்லை.
அட்டையை மடித்து மீட்டருக்குப் பின்னால் செருகினேன்.
இன்னும் நாற்பத்தொரு வீடு.
நாலு மணி பஸ்ஸை விட்டால் ஆறுக்குத்தான்.

இரண்டு படி இறங்கினேன்.
திரும்பி ஏறினேன்.

எழுபத்திரண்டு, எழுபத்து மூன்று,
எழுபத்து நான்கு